எலக்ட்ரிக் கார்ல ஸ்டியரிங் தானா இழுக்குதா? புதுசா வாங்குனவங்க இப்படி பழகுங்க

புது எலக்ட்ரிக் கார் எடுத்தவங்க முதல் வாரத்துலயே கேக்குற கேள்வி, "ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குதே, அலைன்மென்ட் போச்சா?" பெரும்பாலும் அது அலைன்மென்ட் இல்லங்க, லேன் கீப் அசிஸ்ட். ரியர்வியூ மிரருக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற கேமரா ரோட்டுக் கோட்டைப் பாக்குது, பவர் ஸ்டியரிங் மோட்டார் அதுக்கேத்த மாதிரி லேசா திருப்புது. கிரெட்டா எலக்ட்ரிக், மஹிந்திரா பிஇ 6, ஹாரியர் இவி எதுவா இருந்தாலும் மேல் வேரியன்ட்ல வர்றது லெவல் 2 தான், அதாவது வண்டி கைகொடுக்கும், பொறுப்பு முழுக்க நம்மளது.

படி 1: வண்டி நிக்கும்போதே மெனுவைப் பாருங்க. லேன் வார்னிங் சத்தம் மட்டும் போடும், லேன் கீப் கோட்டைத் தாண்டப் போனா உள்ள தள்ளும், லேன் சென்டரிங் எப்பவும் நடுவுலயே பிடிச்சு வச்சிருக்கும். மூணையும் தனித்தனியா ஆன், ஆஃப் பண்ணிப் பாருங்க, எந்த பட்டன்னு கண்ணு பாக்காமலே கைக்குத் தெரியணும்.

படி 2: முதல்ல லேன் கீப் இழுக்குறதை மீறிப் பழகுங்க. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், ஆனா யாருமே சொல்லித் தர்றதில்ல. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் செங்கல்பட்டு தாண்டி, ரோடு காலியா இருக்கும்போது 80ல போங்க. முன்னாடி பின்னாடி வண்டி இல்லன்னு பாத்துட்டு, இண்டிகேட்டர் போடாம மெதுவா கோட்டுப் பக்கம் போங்க, கையில ஒரு எதிர்ப்பு தெரியும், அதை நிதானமா அழுத்தி மீறுங்க. அப்புறம் இண்டிகேட்டர் போட்டு அதையே பண்ணுங்க, எதிர்ப்பே இருக்காது. பத்து தடவையாவது பண்ணுங்க.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நம்ம ஹைவேல ஒரு லேன் 3.5 மீட்டர், வண்டி 1.8, 1.9 மீட்டர் அகலம், நடுவுல போனா ரெண்டு பக்கமும் 80 சென்டிமீட்டர் சொச்சம்தான் மிஞ்சும். இடது ஓரத்துல பால் கேன் கட்டின டிவிஎஸ் ஒண்ணு போகுது, நாம பழக்கதோஷத்துல கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்குவோம், அந்த நேரம் பாத்து ஸ்டியரிங் திருப்பி நடுவுக்கு இழுக்கும். இது முன்னாடியே தெரியலன்னா பதறிப்போய் வெடுக்குன்னு திருப்பிடுவோம், ஆபத்தே அங்கதான் இருக்கு.

படி 3: கையை எடுக்காதீங்க. பிடிச்சிட்டுதானே இருக்கேன், ஏன் "ஸ்டியரிங்கைப் பிடி"ன்னு கத்துதுன்னு கேப்பீங்க. நிறைய வண்டியில தொடுறது கணக்கு இல்ல, லேசா திருப்புற அழுத்தத்தைத்தான் சென்சார் பாக்குது. ஒரு கையோட பாரத்தை அதுமேல விட்டாலே போதும். அதை ஏமாத்த தண்ணி பாட்டில் மாட்டுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். டிரைவர் கவனமா இருக்காரான்னு பாக்குற ஏற்பாடு பத்தலன்னுதான் 2023 டிசம்பர்ல அமெரிக்காவுல டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேல வண்டிக்கு ரீகால் (குறையைச் சரிபண்ணித் தர்றோம்னு கம்பெனியே அறிவிக்கிறது) போட வேண்டியதாச்சு.

படி 4: ரீஜென், அதாவது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைச்சு பேட்டரியை சார்ஜ் பண்றது. எலக்ட்ரிக் கார்ல இதைக் கவனிக்கணும். அடாப்டிவ் க்ரூஸ்ல (முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகத்தைத் தானா கூட்டிக் குறைக்கிறது) போகும்போது ஆக்சிலரேட்டர்ல கால் இருக்காது, திடீர்னு கேன்சல் அமுக்குனா ரீஜென் அதிகமா வச்சிருக்குற வண்டி பிரேக் போட்ட மாதிரி வேகம் குறையும், பின்னாடி லாரி வந்தா யோசிச்சுப் பாருங்க. அதனால முதல்ல கால் பெடல் மேல, அப்புறம் கேன்சல்.

படி 5: எங்க ஆஃப் பண்ணணும். திண்டிவனம் பக்கம் ரோடு வேலை நடந்துட்டிருந்துச்சு, பாதையை இடது பக்கம் திருப்பி விட்டிருந்தாங்க, ஆனா பழைய வெள்ளைக் கோட்டை அழிக்கல. வண்டி பழைய கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நேரா தடுப்பைப் பாத்துப் போச்சு. கை ஸ்டியரிங்லயே இருந்ததால திருப்பிட்டேன், பின்சீட்ல பசங்க தூங்கிட்டிருந்தாங்க, ரொம்ப நேரம் கை நடுங்குச்சு. அதுல இருந்து ரோடு வேலைக்கு வைக்கிற டிரம் தூரத்துல தெரிஞ்சாலே பட்டனை அமுக்கிடுவேன். போலீஸ் பேரிகேட், டோல், கொட்டுற மழை, சர்வீஸ் ரோடு பிரியுற இடம் (இடது கோட்டைப் பிடிச்சுக்கிட்டு வண்டியும் சர்வீஸ் ரோட்டுல இறங்கப் பாக்கும்), இங்கெல்லாம் ஆஃப்தான். சாயங்காலம் சென்னையில இருந்து வேலூர் பக்கம் போனா சூரியன் நேரா கேமராவுல அடிக்கும், அப்பவும் நம்பாதீங்க.

படி 6: முன் கண்ணாடியில கேமரா இருக்குற இடத்தை சுத்தமா வைங்க. கண்ணாடி மாத்துனா கேமரா கேலிபிரேஷன் (கேமரா சரியாப் பாக்குற மாதிரி திரும்ப செட் பண்றது) பண்ணாங்களான்னு கேட்டு, பில்லுல இருக்கான்னு பாத்துட்டே வண்டியை எடுங்க.

கடைசியா, சாவியை வேற யார்கிட்ட குடுத்தாலும் இதைச் சொல்லிட்டுக் குடுங்க, ஏன்னா நிறைய வண்டியில லேன் கீப் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் தானா ஆன் ஆயிடும். எங்கப்பா நாப்பது வருஷமா ஓட்டுறவர், முதல் நாள் ஸ்டியரிங் இழுத்ததும் பயந்து ஓரமா நிறுத்திட்டாரு. அடுத்த ஞாயிறு கூட்டிட்டுப் போய் படி 2 மட்டும் ஒரு மணி நேரம் பண்ண வச்சேன். இப்ப அவர் ஓட்டும்போது வார்னிங் மட்டும் ஆன், மத்த ரெண்டும் ஆஃப், அவருக்கு அது போதும்னாரு.