காரைக்குடிப் பக்கம் குட்டி நாய்க்கு நம்பி விடற மாதிரி க்ரூமர் பிடிக்கறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு நம்ம பக்கம் இப்ப எந்தத் தெருவுல போனாலும் ஒரு ஷிட்ஸுவோ பொமேரியனோ கேட்டுக்குள்ள இருந்து குலைக்குது. இதுல பாதி, சென்னைலயோ பெங்களூர்லயோ இருக்கற புள்ளைங்க ஆசப்பட்டு வாங்கி, வேலைக்குப் போனா பாத்துக்க ஆளில்லன்னு ஊருல அப்பா அம்மாகிட்ட கொண்டாந்து விட்டுட்டுப் போனது. பெரியவங்க பாசமா சோறு போடுவாங்க, முடி மட்டும் கேட்க ஆளில்லாம வளந்துக்கிட்டே இருக்கும். ராஜபாளையம், கன்னி மாதிரி ஒட்டமுடி நாய்னா தொடச்சு விட்டாலே போதும், ஷிட்ஸுக்கு அப்படி இல்ல, அது முடி நம்ம தலமுடி கணக்கா நிக்காம வளரும், வெட்டியே ஆகணும்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டர்னா படிச்சு முடிச்சு கால்நடை கவுன்சில்ல பதிவு பண்ணித்தான் தொழில் பாக்கணும், அதுக்கு 1984ல போட்ட சட்டமே இருக்கு. நாய்க்கு முடி வெட்டி, குளிப்பாட்டி, நகம் வெட்டி விடற க்ரூமருக்கு அப்படி கட்டாயப் பதிவு எதுவும் கிடையாது. இன்னைக்கு ட்ரிம்மர் வாங்கி நாளைக்கு போர்டு மாட்டலாம், செவுத்துல தொங்கற சர்டிபிகேட் பெருசா ஒண்ணும் சொல்லாது. அதனால பாக்க வேண்டியது நம்ம கண்ணுதான்.

யாருகிட்ட விசாரிக்கறதுன்னா, நாய்க்குட்டி விக்கற கடைல கேக்காதீங்க, அவங்க அவங்களுக்குத் தோதான ஆளத்தான் சொல்லுவாங்க. நீங்க ஊசி போடக் கூட்டிட்டுப் போற டாக்டர்கிட்டயும், முக்கியமா அங்க நாயப் பிடிச்சுக்கற உதவியாளர்கிட்டயும் கேளுங்க. காது நுனி வெட்டுப்பட்டு வர்றது, ப்ளேடு சூட்டுல வயித்துத் தோல் செவந்து வர்றது எல்லாம் அவங்க மேசைக்குத்தான் வரும். "யாருண்ணே நல்லா பண்றாங்க"ன்னு கேட்டா பொதுவா எல்லாரும் நல்லாத்தான் பண்றாங்கன்னு முடிச்சிருவாங்க, "உங்க வீட்டு நாய்னா யாருகிட்ட விடுவீங்க"ன்னு கேளுங்க, பதில் வேற மாதிரி வரும். இன்ஸ்டாகிராம் போட்டோல ரிப்பனும் பவுடரும் பாக்காதீங்க, நாயோட வாலப் பாருங்க. வரிசையா எல்லா நாயும் வால இடுக்கிக்கிட்டு காத பின்னாடி மடிச்சு வெள்ளமுழி தெரிய நிக்குதுன்னா அந்தக் கடைய விட்ருங்க.

அப்புறம் நாய் இல்லாம ஒரு தடவ நீங்க மட்டும் போய் பாருங்க, அதுவும் மத்தியான வெயில்ல போங்க, ஏன்னா கடை எப்படி இருக்குன்னு அப்பத்தான் தெரியும். ஈர நாய் வாடை வந்தா தப்பில்ல, மூத்திர நெடியோ அத மறைக்க அடிச்ச சென்ட் நெடியோ மூக்கப் பிடிக்கற அளவுக்கு வந்தா யோசிக்கணும். கூண்டுக்குள்ள நாயப் போட்டு வெளிய சூடான ட்ரையர மாட்டிட்டு ஆளு டீ குடிக்கப் போற கடையா இருந்தா கண்டிப்பா வேணாம். ஷிட்ஸு, பக் மாதிரி சப்ப மூஞ்சி நாயெல்லாம் மூச்சு வாங்கித்தான் ஒடம்பு சூட்ட எறக்கும், மூக்கே சின்னதா இருக்கறதால அதுவும் சரியா முடியாது, கூண்டுக்குள்ள சூடு ஏறிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. நாயோட சாதாரண சூடே கிட்டத்தட்ட 101ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதுக்கு மேல ஏற ரொம்ப நேரம் ஆகாது. கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னும் கேட்டு வச்சுக்கங்க, நம்ம ஊர்ல இது வெட்டிக் கேள்வி இல்ல. பாதி முடி வெட்டி ஈரத்தோட நிக்கற நாய்க்கு ஃபேனும் இல்ல ஏசியும் இல்லன்னா என்ன கதி. இன்வெர்ட்டர் இருக்கான்னு பாருங்க.

அங்க வேற நாய்க்கு வேலை நடந்துச்சுன்னா கொஞ்ச நேரம் நின்னு அவங்க கையப் பாருங்க, நான் பெருசா நம்பறது இதத்தான். வேலை தெரிஞ்ச ஆளோட ஒரு கை நாய் மேல இருந்து எடுபடவே எடுபடாது. அடுத்த சாமான எடுக்கத் திரும்பினாலும், போன் அடிச்சாலும் அந்தக் கை நெஞ்சுக்கடியில தாங்கிக்கிட்டே இருக்கும். மேசைல கழுத்துக்குப் போடற கயிறு இருக்கு பாருங்க, அதுல கட்டிட்டு நகந்து போனா நாய் குதிச்ச வேகத்துல தூக்கு மாதிரி ஆயிரும், குட்டி நாய்க்கு கழுத்தும் தாங்காது. இன்னொண்ணு, ட்ரிம்மர் ஓட்டும்போது நடுநடுவுல நிறுத்தி ப்ளேட தன்னோட மணிக்கட்டு உள்பக்கம் வச்சு சூடு பாக்கறாங்களான்னு கவனிங்க. ஓட ஓட ப்ளேடு கொதிக்கும், முடிக்கு அடியில தோல் வெந்தா நமக்கு அன்னைக்குத் தெரியாது, மறுநாள் நாய் நக்கி நக்கி புண்ணாக்கினப்பறந்தான் தெரியும். கண்ணோரம் வெட்டறப்ப நுனி மழுங்கின கத்திரியா, ஷிட்ஸோட முட்டக்கண்ணு பக்கத்துல விரல அண கொடுத்து வெட்டறாங்களான்னும் பாருங்க.

உள்ள பாக்கவே விடமாட்டோம்னு சொல்ற கடை நமக்கு வேணாம். ஆனா நீங்க பக்கத்துல நிக்காதீங்கன்னு சொன்னா அது வேற விஷயம், சில நாய் ஓனரப் பாத்துட்டா மேசைல இருந்து தாவும், அதுக்காகச் சொல்றது நியாயந்தான். கண்ணாடி வழியாவோ கேமராவுலயோ பாக்க வழி இருக்கணும், அவ்வளவுதான்.

அடுத்து அவங்க உங்ககிட்ட என்ன கேக்கறாங்கன்னு பாருங்க. தடுப்பூசி அட்டை, வயசு, வலிப்பு வருமா, இதயத்துல ஏதாச்சும் கோளாறா, கடிக்குமா, கடைசியா உண்ணி மருந்து எப்ப போட்டீங்க, இதுல பாதியாச்சும் கேக்கணும். தடுப்பூசி அட்டைய கேக்காத கடை உங்களுக்கு முன்னாடி வந்தவங்ககிட்டயும் கேட்டிருக்காது, அந்த நாய் நின்ன மேசைலதான் உங்க நாயும் நிக்கும். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடுவுல சீப்பு, ப்ளேடு, மேசை எல்லாம் மருந்து போட்டுத் துடைக்கறாங்களான்னு கூச்சப்படாம கேளுங்க.

உண்ணிக் குளியல்னு ஒண்ணு தள்ளி விடுவாங்க. அந்த மருந்து எல்லாம் தண்ணியில சரியான அளவுக்குக் கலக்கணும், அளவு கூடினா சின்ன நாய் தள்ளாடிப் போயிரலாம், டாக்டர் சொல்லாம ஒத்துக்காதீங்க. அதோட நம்ம பழைய வீட்டுல நாயக் குளிப்பாட்டினா மட்டும் உண்ணி போகாது, செவுத்து வெடிப்புல, நெலைக்கதவு இடுக்குலதான் அது முட்டையே போடும், அதையும் சேத்து கவனிக்கணும். நாய் சாப்பிடாம சோந்து கெடந்து ஈறு வெளுத்திருந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அப்ப போக வேண்டிய எடம் டாக்டர், க்ரூமர் இல்ல.

"கொஞ்சம் முரண்டு பிடிக்குது, லேசா ஒரு மாத்திரை கொடுத்துக்கறோம்"னு சொன்னா நாயத் தூக்கிட்டு வந்துருங்க. மயக்கம் கொடுக்கறது டாக்டர் வேலை, அதுவும் சப்ப மூஞ்சி நாய்க்கு டாக்டரே யோசிச்சுத்தான் கொடுப்பாங்க.

பொமேரியன் வச்சிருக்கறவங்களுக்கு தனியாச் சொல்லணும். மே மாசம் ஆச்சுன்னா "பாவம் வெக்க தாங்கல, மொட்ட அடிச்சு விட்ருங்க தம்பி"ன்னு பெரியவங்க கேப்பாங்க, பழனிக்கு நேந்துக்கிட்ட புள்ள மாதிரி. அதுக்கு ரெண்டு அடுக்கு முடி, உள் அடுக்குல உதிர்ற முடிய சீவி எடுத்துட்டா காத்து போகும், மேல் அடுக்கு வெயில் தோல்ல படாம காக்கும். ஒட்ட வழிச்சுட்டா சில நாய்க்கு திட்டுத்திட்டா வளரும், மாசக்கணக்குல ஆகும், சிலதுக்கு பழைய மாதிரி வரவே வராது. நீங்க கேட்டும் முடியாதுன்னு மறுக்கற க்ரூமர் கெடச்சா விட்றாதீங்க.

ஷிட்ஸுக்கு நேர் எதிர். காதுக்குப் பின்னாடி, அக்குள்ல சடை கெட்டியா பிடிச்சிருந்தா "இத சீவ முடியாது, ஒட்ட வெட்டத்தான் வேணும்"னு சொல்றவங்கதான் சரியான ஆளு, அழகு போயிரும்னு சண்டை போடாதீங்க, பிச்சு இழுத்தா தோலோட வலிக்கும். சீவிட்டு குளிப்பாட்டுவீங்களா குளிப்பாட்டிட்டு சீவுவீங்களான்னு கேட்டுப் பாருங்க. சிக்கோட தண்ணி ஊத்தினா அது இன்னும் இறுகும், இது தெரியாதவங்க கைல ஷிட்ஸ கொடுக்கக்கூடாது.

எல்லாம் சரியா இருந்தாலும் மொத தடவ முழு வேலையும் கொடுக்காதீங்க, நகம் மட்டும் வெட்டச் சொல்லுங்க. ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரைல நாய் நடக்கறப்ப டிக்டிக்னு சத்தம் வருதா, திரும்பும்போது பின்னங்கால் வழுக்குதா, அப்ப நகம் வெட்டுற நேரம் வந்தாச்சு. கறுப்பு நகத்துல உள்ள ரத்த நரம்பு தெரியாது, அதனால துளித்துளியாத்தான் நறுக்கணும், ஒரே வெட்டுல எடுக்கறவங்க அவசரக்காரங்க. ஒரு சொட்டு ரத்தம் வந்தா பெரிய குத்தமில்ல, ரத்தம் நிக்கற பவுடர் கைக்கு எட்டற தூரத்துல இருக்கா, நடந்தத உங்ககிட்ட சொல்றாங்களா, அதுதான் விஷயம்.

உள்ளூர்ல மனசுக்குப் பிடிச்ச ஆளு கெடைக்கலன்னா மதுரையோ திருச்சியோதான், ரெண்டும் தொண்ணூறு கிலோமீட்டர் சுமாருக்கு வரும். கோடைல காலைல வெள்ளன கெளம்புங்க, வயித்துக்கு அரைகுறையா கொடுத்து, ஏசி ஓடற கார்ல. வீட்டுக்கே வர்றவங்க கெடைச்சா நம்ம வீடுகளுக்கு ரொம்பத் தோது, வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, வெளிச்சமும் காத்தும் இருக்கு, நடக்கறது அத்தனையும் கண்ணு முன்னாடி. ஈரம் பட்டா அந்தத் தரை வழுக்கும், அதனால சாக்கோ ரப்பர் மேட்டோ விரிச்சு வைங்க. போர் தண்ணி உப்பா இருந்தா நுரையும் வராது அலசினாலும் போகாது, ரெண்டு கொடம் நல்ல தண்ணி எடுத்து வச்சு கடைசி அலசலுக்குக் கொடுங்க. நம்ம சோப்பு ஷாம்பு போட விடாதீங்க, நாய்த் தோலுக்கு அது ஆகாது.

காச முன்னாடியே பேசிருங்க, சடை எடுக்க, காது சுத்தம் பண்ண தனியா கேப்பாங்களான்னு. ஆசனவாய்ச் சுரப்பிய ஒவ்வொரு தடவையும் பிதுக்கறது தேவையே இல்லாத வேலை, நாய் பின்பக்கத்த தரைல தேச்சா மட்டும் டாக்டர்ட்ட காட்டுங்க.

வீட்டுக்கு வந்ததும் முடிய வெலக்கி அக்குள், தொடை இடுக்கு, காதோரம், வயிறு எல்லாம் தடவிப் பாருங்க. செவந்திருந்தா போட்டோ எடுத்து அன்னைக்கே க்ரூமருக்கு அனுப்பிக் கேளுங்க, கொப்புளமோ நீரோ தெரிஞ்சா டாக்டர்கிட்ட போயிருங்க. கண்ணச் சுருக்கிக்கிட்டு தெறக்காம இருந்தா மட்டும் மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேணாம்.