நாய் வாய்க்கு ஏற்ற பம்பர்

எங்கள் வீட்டில் ஒரு சாக்லேட் நிற லேப்ரடார் இருக்கிறாள். பெயர் வெல்லம், வயது நான்கு. ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது அவளுக்கு நான் செய்த ஓர் அநியாயத்திலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

எறிந்து எடுத்துவரப் பழக்குவதற்காக ஆன்லைனில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பம்பர் ஒன்று வாங்கியிருந்தேன். பம்பர் என்றால் நாய் வாயில் கவ்வி எடுத்துவருவதற்கென்றே செய்த உருளை. பெங்களூரில் ஹொரமாவு பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காலி சைட்டில் கணுக்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். முப்பது அடி தள்ளி எறிந்தேன். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பறங்கிக்காய் மாதிரி அது தெரிந்தது. வெல்லம் ஓடினாள், அதைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்து மூக்கைத் தரையில் வைத்து வட்டம் போட்டாள். ஒருமுறை அதற்கு ஒரு சாண் பக்கத்தில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "அங்கேதானே கிடக்கு, கண்ணு தெரியலையா?" என்று அதட்டினேன். அவள் காதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியவில்லை.

நாயின் கண்ணில் நிறம் பிரிக்கிற கூம்பு செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. ஜே நைட்ஸ், ஜெரால்ட் ஜேக்கப்ஸ் முதலானோர் 1989-ல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவானது. நீலமும் மஞ்சளும் நாய்க்குப் பிரிந்து தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மங்கல் மஞ்சள் குடும்பம். புல்லில் கிடக்கிற ஆரஞ்சு பம்பர் நாய்க்குப் புல்லோடு புல். பிறகு ஏன் கடைகளில் அந்த நிறம் விற்கிறார்கள்? அதற்கும் வேலை இருக்கிறது. நாய் பார்க்காதபோது ஒளித்து வைத்துவிட்டு, விசிலாலும் கைச்சைகையாலும் அதை அந்த இடத்துக்கு அனுப்புகிற பயிற்சி ஒன்று உண்டு. அங்கே நாய் கண்ணை நம்பாமல் நம்மை நம்ப வேண்டும், நமக்கோ பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் ஆரஞ்சு. எறிவதைப் பார்த்து, விழுந்த இடத்தை மனதில் வைத்து எடுத்துவரும் பயிற்சிக்கு வெள்ளைதான் வேண்டும். வெளுத்த வானத்துக்கு எதிரே வெள்ளை கரைந்துபோகும் என்பதால், பாதி வெள்ளை பாதி கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. பறக்கும்போது கறுப்பும் விழுந்தபின் வெள்ளையும் தெரியும். டிசம்பர் காலைப் பனியில் பெங்களூரில் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த இரட்டை நிறத்தைத்தான் சொல்வேன்.

நிறத்துக்கு அடுத்தது வாய். லேப்ரடார் ரிட்ரீவர் வகை. ரிட்ரீவர் என்றாலே சுட்டு விழுந்த பறவையைச் சேதமில்லாமல் எடுத்துவர வளர்க்கப்பட்ட இனம். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டை கிடையாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் வாயில் எதையாவது தூக்கிக்கொண்டு நம்மிடம் வர வேண்டும் என்ற துடிப்பு அந்த இரத்தத்தில் அப்படியே இருக்கிறது. பம்பர் அந்தத் துடிப்புக்குக் கொடுக்கிற பிடிமானம். அதனால் அது மென்மையாகப் பிடிக்கத் தோன்றும் பொருளாக இருக்க வேண்டும், கடித்து மெல்லத் தோன்றும் பொருளாக இருக்கக் கூடாது.

கடையில் இரண்டு வகை கிடைக்கும்: பிளாஸ்டிக், கித்தான். பிளாஸ்டிக் பம்பரில் மேலெல்லாம் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும், எச்சிலில் வழுக்காமல் இருக்க. உள்ளே வெற்று, தண்ணீரில் மிதக்கும், கழுவினால் சுத்தமாகிவிடும். காற்று அடைக்கிற துளை உள்ளதாக இருந்தால், கட்டைவிரலால் அழுத்தும்போது கொஞ்சம் உள்ளே போகிற அளவுக்கு அடையுங்கள். கல் மாதிரி இருந்தால் நாய் அதை வாயில் உருட்டிக்கொண்டே வரும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. புதிதில் ரப்பர் வாடை தூக்கலாக வந்தால் லேசான சோப்பில் கழுவி இரண்டு நாள் நிழலில் போடுங்கள்.

முதல் பம்பர் என்றால் என் ஓட்டு கித்தானுக்கு. பல் உறுத்தாது, குட்டி தயங்காமல் நடுவில் கவ்வும். இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பாசமும் உண்டு. அல்சூரில் எங்கள் அப்பா மெத்தை, தலையணை தைக்கிற கடை வைத்திருக்கிறார். போடிநாயக்கனூரிலிருந்து வருகிற இலவம்பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றுக் குழாய், மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அது தண்ணீரை லேசில் குடிக்காது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைகளை இதை அடைத்துத்தான் செய்தார்கள். நல்ல கித்தான் பம்பர்களில் அடைத்ததும் இதே பஞ்சுதான் என்று தெரிந்ததும், நாமே தைத்தால் என்ன என்று தோன்றியது.

அளவைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த நாய்க்கு 2 அங்குலக் குறுக்களவும் 12 அங்குல நீளமும் பொதுவான அளவு. 3 அங்குலப் பருமன் உள்ளது பெரிய வாய்க்கு, அதுவும் பழகிய பிறகு. மூன்று நான்கு மாதக் குட்டிக்கு ஒன்றரை அங்குலப் பருமனும் 8, 9 அங்குல நீளமும் போதும். அந்த வயதுக்குப் பம்பரே வாங்க வேண்டாம் என்றும் சொல்வேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 9 அங்குலப் பெயிண்ட் ரோலரின் புது உறை ஒன்று போதும். பஞ்சுபோல இருக்கும், குட்டி வாய்க்குச் சரியாக அடங்கும். நான்கு மாதத்திலிருந்து ஆறு ஏழு மாதம் வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு வீங்கியிருந்தாலோ பம்பரில் இரத்தத் திட்டு தெரிந்தாலோ சில வாரங்கள் எறிவதை அடியோடு நிறுத்திவிடுங்கள். வலியோடு கவ்வச் சொன்னால் கவ்வுவதையே வெறுத்துவிடும்.

தைப்பதற்கு 40 சென்டிமீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலத்தில் சாயம் போடாத வெள்ளைக் கித்தான் துணி வேண்டும். முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும். நீளவாட்டில் மடித்து, ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே விட்டு இரட்டைத் தையல் போடுங்கள். செருப்புத் தைக்கிற நைலான் நூல்தான் தாங்கும், சாதாரண நூல் ஒரே வாரத்தில் இற்றுப்போகும். ஒரு முனையை மடித்துத் தைக்கும்போதே தடித்த நாடாவால் ஒரு காது வைத்துத் தைத்துவிடுங்கள். உலோக வளையம் அடிக்கலாம், ஆனால் அது பல்லில் படும், எனக்கு நாடாதான் பிடிக்கும்.

வெறும் இலவம்பஞ்சை அடைத்தால் பம்பர் காற்றில் மிதக்கும், எறிந்தால் பத்தடி போகாது. அதனால் சுமார் 200 கிராம் சலித்த உலர்ந்த மணலை நீளமான ஒல்லித் துணிப்பையில் போட்டு, நான்கு இடத்தில் குறுக்குத் தையல் போட்டு, மணல் ஒரே பக்கம் சரியாமல் பிரித்துவிட வேண்டும். அதை நடுவில் வைத்துச் சுற்றிலும் பஞ்சை அடையுங்கள். இந்த விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நான் தைத்த முதல் பம்பரில் மணல் ஒரு முனையில் சேர்ந்துவிட்டது. வெல்லம் நடுவில் கவ்வினாள், கனமான பக்கம் தொங்கியது, அவள் கீழே வைத்துவிட்டு அந்த முனையையே பிடித்துத் தூக்கினாள். மூன்றே நாளில் முனையைப் பிடிப்பது பழக்கமாகிவிட்டது. முனையில் பிடித்த பம்பர் ஓடும்போது தரையில் இடிக்கும், காலில் தட்டும், நாய் நின்று நின்று பிடியை மாற்றும். தைத்து முடித்ததும் சுட்டுவிரல் மேல் நடுவில் வைத்துப் பாருங்கள். தராசு முள் மாதிரி நேராக நிற்க வேண்டும். இரண்டு முனையும் கொஞ்சம் இறுக்கமாகவும் நடு கொஞ்சம் மெத்தென்றும் இருந்தால் நாயின் வாய் தானாக நடுவைத் தேடும். இதை அப்பா ஒரு தலையணையை அமுக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

இனி கயிறு. பம்பரைக் கையால் பிடித்து எறிந்தால் தூரம் போகாது, எச்சிலில் கை வேறு வழுக்கும். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னல் கயிறு ஒன்றரை அடி எடுத்து நாடாக் காதில் கோத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். கே.ஆர். மார்க்கெட் பக்கம் கயிற்றுக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். நைலானாக இருந்தால் முனையைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள். கையில் பிடிக்கிற நுனியில் ஒரு குண்டு முடிச்சு. சிலர் மரக்கட்டை கட்டுவார்கள், அது பறந்து வந்து நாயின் முகத்தில் பட்டால் வலிக்கும், எனக்கு வேண்டாம். நாய் பம்பரை விட்டுவிட்டுக் கயிற்றைக் கவ்வித் தூக்க ஆரம்பித்தால் கயிற்றை ஒரு சாணாகக் குறையுங்கள். அப்போதும் விடவில்லையா, கொஞ்ச நாள் கயிறே இல்லாமல் எறியுங்கள்.

எறியும்போது கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. குண்டு முடிச்சை விரல்களுக்குள் வைத்து, கையைக் கீழே தொங்கவிட்டு, முன்னும் பின்னும் இரண்டு ஆட்டு ஆட்டி, கை கண் மட்டத்துக்கு வரும்போது விடுங்கள். பம்பர் உயரமாக வளைந்து போய் விழ வேண்டும். தாழ்வாக, தூரமாக எறிவதில் ஒரு லாபமும் இல்லை, நாய்க்கு அது விழுகிற இடமே தெரியாது. எறிவதற்கு முன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். சூரியனைப் பார்த்து எறியாதீர்கள்.

குட்டியை முதலில் வெளியில் கொண்டுபோகாமல் வீட்டு நடையிலேயே ஆரம்பியுங்கள். இரண்டு பக்கமும் சுவர், எடுத்தால் திரும்பி நம்மிடம்தான் வந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றே வார்த்தை: எடு, கொண்டா, விடு. பயிற்சியாளர்கள் ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்வதுதான் முக்கியம். அப்பாவுக்குத் தமிழ்தான் வாயில் வரும், அதனால் வெல்லத்துக்கும் தமிழ். கொண்டுவந்ததும் பிடுங்காதீர்கள். தாடைக்கு அடியில் கையை ஏந்தி, கொஞ்ச நேரம் அவளை வைத்திருக்க விட்டு, கழுத்தைத் தடவிக்கொடுத்து, பிறகு 'விடு'. ஒரு வேளைக்கு மூன்று எறி போதும். இன்னொன்று எறிய மாட்டாயா என்று அது கேட்கும்போதே பம்பரைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மற்ற நேரத்தில் பம்பர் நாயின் கண்ணிலேயே படக் கூடாது. விளையாட்டுச் சாமானோடு சேர்த்துத் தரையில் போட்டுவைத்தால் கடித்துப் பிய்க்கும், பஞ்சையோ கயிறையோ விழுங்கினால் குடல் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும்.

இடம் தேடுவதுதான் பெங்களூரில் கஷ்டம். கப்பன் பார்க்கில் நாய்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பழகி விளையாட நல்ல இடம். ஆனால் அங்கே பம்பரை எறிந்தால் பத்து நாய் பாயும், பொருளுக்காகச் சண்டை வரும். சுற்றுச்சுவர் உள்ள காலி சைட்தான் சரி. முதலில் நீங்கள் மட்டும் ஒருமுறை நடந்து பார்த்து பாட்டில் சில்லு, கம்பி எல்லாம் பொறுக்கிவிடுங்கள். தெரு நாய்கள் இருந்தால், அவற்றுக்குச் சோறு போடுகிற அக்கா யார் என்று விசாரித்து, அவர் வருகிற நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் இடத்தில் அவர் காலை ஆறரைக்கு அடுத்த தெருவில் சோறு வைப்பார். அந்த அரை மணி நேரம் சைட் எங்களுக்கு.

தண்ணீர்ப் பயிற்சிக்கு நகரத்து ஏரிகள் எதுவும் வேண்டாம். 2015-லும் 2017-லும் தீப்பிடித்த பெல்லந்தூர் ஏரியை இங்கே யாரும் மறக்கவில்லை. கழிவு கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹொசகோட்டே பக்கம் தெரிந்தவர் பண்ணைக் குட்டை இருந்தால் அனுமதி கேட்டுப் போகலாம். அங்கே பிளாஸ்டிக் பம்பர்தான், கயிற்றைக் கழற்றிவிட்டு. மணல் வைத்துத் தைத்தது நனைய நனைய கனத்துப்போகும், அதை நிலத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்ததும் தையலை ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பாருங்கள். பஞ்சு ஒரு இழை வெளியே தெரிந்தாலும் அன்றைக்கே பிரித்துத் தைக்க வேண்டும், அல்லது தூக்கிப் போட வேண்டும். கித்தான் பம்பரை அலசி, கயிற்றைக் கொடியில் கட்டி மொட்டை மாடியில் தொங்கவிடுவேன். ஆகஸ்ட் மழையில் உள்பஞ்சு காய மூன்று நாள்கூட ஆகும், அரை ஈரத்தோடு பையில் போட்டால் பூசணம் பிடிக்கும். அதனால் குறைந்தது நான்கு பம்பராவது வைத்திருங்கள். அழியாத மையில் ஒவ்வொன்றிலும் எண் எழுதிவையுங்கள். என்னிடம் ஆறு இருக்கின்றன. சைட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணிப் பார்த்த பிறகுதான் பையின் வாயைக் கட்டுவேன்.