தண்ணீர்ப் பந்தல் கணக்கின் வழியே ஜாங்கோ: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பைதான் மொழியில் மாறி, பட்டியல், செயற்கூறு, கிளாஸ் ஆகியவற்றை ஓரளவு அறிந்த ஒருவர், இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஜாங்கோ போன்ற ஒரு சட்டகத்தை (ஃப்ரேம்வொர்க்) முதன்முதலாகத் திறந்ததும் திகைத்து நிற்பதற்கு அறிவுக்குறைவு காரணமன்று. அதுவரை அவர் எழுதிய நிரல்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிந்தவை. எது எப்போது இயங்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். சட்டகத்தில் அந்த அதிகாரம் கைமாறிவிடுகிறது. நம்முடைய நிரலைத் தேவையான நேரத்தில் சட்டகமே அழைக்கிறது.

மலேசியாவின் பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியிலுள்ள பந்தல்களில் தொண்டு செய்தவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்கு பழக்கமானது. மோர்ப் பானையருகே நிற்கும் தொண்டர் பக்தர்களைத் தேடிப் போவதில்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர் ஒருவரை அவரிடம் அனுப்பும்போது ஒரு குவளை மோர் ஊற்றித் தருவதே அவருடைய வேலை. ஜாங்கோவில் நாம் எழுதும் செயற்கூறு அந்தத் தொண்டரின் இடத்தில்தான் நிற்கிறது. ஆகவே, பந்தலுக்கு வரும் நன்கொடைகளைப் பதிவுசெய்யும் ஒரு சிறு செயலியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழில் ஒலிபெயர்த்து எழுதியுள்ளேன். தட்டச்சு செய்யும்போது ஜாங்கோவின் அதிகாரபூர்வ ஆவணத்தை அருகில் திறந்துவைத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள்.

முதல் படி: தாளில் எழுதுதல்

கணினியைத் தொடுவதற்கு முன், எதைப் பதிவுசெய்யப் போகிறோம் என்பதைத் தாளில் எழுதுங்கள். நமக்கு இரண்டு அட்டவணைகள் போதும். ஒன்றில் நன்கொடையாளரின் பெயர். மற்றொன்றில் நன்கொடையளித்தவர், தொகை, பெற்ற நேரம். பெயரை ஒவ்வொரு நன்கொடையிலும் திரும்ப எழுதாமல் தனி அட்டவணையில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நான் உதவிய ஒரு பந்தலின் நோட்டுப் புத்தகத்தில் ஒரே பெரியவரின் பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருந்ததால், அவர் மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்று கூட்டிப் பார்க்கவே ஒரு மாலை முழுவதும் செலவானது.

இரண்டாம் படி: தனிச் சூழலும் நிறுவலும்

ஒரு கோப்புறையை உருவாக்கி, அதனுள் பைதானின் வென்வ் கருவியைக் கொண்டு இந்தத் திட்டத்துக்கான தொகுதிகளைத் தனியே வைத்திருக்கும் மெய்நிகர் சூழல் ஒன்றை அமைத்து, அதைச் செயல்படுத்திய பிறகு, தொகுதிகளை நிறுவும் கருவியான பிப் வழியாக ஜாங்கோவை நிறுவுங்கள். நீண்டகால ஆதரவுள்ள 5.2 பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். 2025 ஏப்ரலில் வெளிவந்த அதற்குப் பைதான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். முனையத்தை (டெர்மினல்) புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூழலை மீண்டும் செயல்படுத்த வேண்டும். "ஜாங்கோ என்ற தொகுதியே இல்லை" என்று பைதான் சொல்லும்போது, பெரும்பாலும் இதைத்தான் மறந்திருப்போம்.

மூன்றாம் படி: திட்டத்தைத் தொடங்குதல்

ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கட்டளையால் திட்டத்தை உருவாக்கி, ரன்சர்வர் கட்டளையை இட்டு, உலாவியில் 127.0.0.1:8000 என்ற முகவரிக்குச் சென்றால் ராக்கெட் படம் ஒன்று தெரியும். நிறுவல் சரியாக அமைந்தது என்பதற்கு அதுவே அடையாளம். முனையத்தில் 18 மைக்ரேஷன்கள் (தரவுத்தள அமைப்பில் செய்ய வேண்டிய மாற்றங்கள்) இன்னும் நிறைவேற்றப்படவில்லை என்ற எச்சரிக்கையும் வரும். அது பிழையன்று, ஐந்தாம் படியில் அது தானாகத் தீரும்.

இப்போதே செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து நேர மண்டலத்தை மாற்றிவிடுங்கள். அங்கே இயல்பாக யூடிசி (உலகப் பொது நேரம்) என்றிருக்கும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முந்தியது. அப்படியே விட்டுவிட்டால், காலை 7 மணிக்குப் பெற்ற நன்கொடை முந்தைய நாள் இரவு 11 மணிக்குப் பெற்றதாகத் திரையில் தெரியும். ஏஷியா, சாய்வுக்கோடு, கோலாலம்பூர் என்ற வடிவில் மதிப்பை எழுதுங்கள். கோலாவுக்கும் லம்பூருக்கும் இடையில் அடிக்கோடு வர வேண்டும். தரவுத்தளத்தில் நேரம் யூடிசியிலேயே சேமிக்கப்படும். நமக்குக் காட்டப்படும் நேரம் மட்டுமே மாறும்.

நான்காம் படி: ஒரு கோரிக்கையைப் பின்தொடர்தல்

பலர் இந்தப் படியை அரைமணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். நான் இரண்டு நாள் இங்கேயே தங்கச் சொல்வேன், ஏனெனில் சட்டகத்தின் உயிர் இங்குதான் இருக்கிறது.

ஸ்டார்ட்ஆப் கட்டளையால் பந்தல் என்ற செயலியை உருவாக்குங்கள். அதன் பெயரை ஆங்கில எழுத்துகளில் வைப்பதே பின்னாளில் வசதி. அதன் வியூஸ் கோப்பில், உலாவி அனுப்பும் கோரிக்கையை ஏற்று "மோர் தயார்" என்ற வாசகத்தை மட்டும் விடையாகத் திருப்பியனுப்பும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். பிறகு திட்டத்தின் யூஆர்எல்ஸ் கோப்பில், மோர் என்ற முகவரி வந்தால் அந்தச் செயற்கூறை அழைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியில் செயற்கூறின் பெயரை மட்டும் கொடுக்கிறோம். பெயருக்குப் பின் அடைப்புக்குறி போடுவதில்லை. அடைப்புக்குறி போட்டால் நாமே அதை அழைப்பதாகிவிடும். யாரை அழைக்க வேண்டும் என்று சொல்லிவைப்பதே நம் வேலை. அழைப்பது ஜாங்கோவின் வேலை.

செயற்கூறின் முதல் வரியில் ஒரு பிரிண்ட் கூற்றை வையுங்கள். சேவையகம் தொடங்கும்போது அது எதையும் அச்சிடாது. உலாவியில் அந்த முகவரியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முனையத்தில் அச்சாகும். அதைக் கண்ணால் காண்பது பத்துப் பாடங்களைப் படிப்பதற்கு ஈடானது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். இல்லாத ஒரு முகவரியைத் தட்டச்சு செய்தால், 404 என்ற பிழைப் பக்கத்தில் ஜாங்கோ எந்தெந்த முகவரி வடிவங்களை வரிசையாகச் சோதித்தது என்ற பட்டியல் தெரியும். செயற்கூறு எதையும் திருப்பியனுப்பாதபடி ரிட்டர்ன் வரியை நீக்கினால், வியூ (வியூஸ் கோப்பில் நாம் எழுதிய செயற்கூறு) விடை எதையும் தரவில்லை என்று வேறொரு பிழை வரும். நீண்ட பிழைச் செய்திகளை முனையத்தில் கீழிருந்து மேலாகப் படியுங்கள்: கடைசி வரியில் பிழையின் பெயர் இருக்கும், அதிலிருந்து மேலே செல்கையில் நம்முடைய கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ, அங்கே தேடத் தொடங்க வேண்டும்.

ஐந்தாம் படி: மாடலும் மைக்ரேஷனும்

தாளில் எழுதிய இரண்டு அட்டவணைகளை இப்போது மாடல்ஸ் கோப்பில் இரண்டு கிளாஸ்களாக எழுதுங்கள். இத்தகைய கிளாஸையே மாடல் என்கிறோம். ரிங்கிட் தொகைக்கு ஃப்ளோட் வகையைத் தவிர்த்து டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். பைதானில் 0.1ஐயும் 0.2ஐயும் ஃப்ளோட்டாகக் கூட்டினால் சரியாக 0.3 கிடைப்பதில்லை, சென் கணக்கில் அது ஏற்கத்தக்கதன்று. நன்கொடையை நன்கொடையாளருடன் இணைக்கும் ஃபாரின் கீ புலத்தில், நன்கொடையாளரை நீக்கினால் என்ன நேர வேண்டும் என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ப்ரொடெக்ட் என்று கொடுத்தால், நன்கொடைகள் இருக்கும்வரை அவரை நீக்க ஜாங்கோ இடம்தராது. கணக்குப் புத்தகத்துக்கு அதுவே பொருத்தம்.

மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை மாற்றத்துக்கான திட்டத்தை ஒரு கோப்பாக எழுதுகிறது. மைக்ரேட் கட்டளை அந்தத் திட்டத்தைத் தரவுத்தளத்தில் நிறைவேற்றுகிறது. முதலாவது கட்டளை "மாற்றம் ஏதும் இல்லை" என்று சொன்னால், செட்டிங்ஸ் கோப்பின் நிறுவப்பட்ட செயலிகள் பட்டியலில் பந்தலைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

ஆறாம் படி: நிர்வாகப் பக்கம்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில், 2003இல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் உருவாக்கத் தொடங்கியதே ஜாங்கோ. 2005 ஜூலையில் அது பொதுவில் வெளியிடப்பட்டது. நிரல் அறியாத செய்தியாளர்களும் தகவலை உள்ளிட வேண்டிய சூழலில் பிறந்ததால், நிர்வாகப் பக்கம் அதனுடனேயே வருகிறது. க்ரியேட்சூப்பர்யூசர் கட்டளையால் கணக்கு ஒன்றைத் தொடங்கி, இரண்டு மாடல்களையும் அட்மின் கோப்பில் பதிவுசெய்தால், பந்தலின் பொருளாளர் அன்றே நன்கொடைகளை உள்ளிடத் தொடங்கலாம்.

தமிழில் பெயர் சூட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாடலின் காட்சிப்பெயரை "நன்கொடையாளர்" என்று மட்டும் கொடுத்தால், பன்மைக்காக அதன் இறுதியில் ஆங்கில எஸ் எழுத்தை ஜாங்கோ ஒட்டிவிடும். பன்மைப் பெயராக "நன்கொடையாளர்கள்" என்பதையும் தனியே எழுதுங்கள்.

ஏழாம் படி: வார்ப்புரு

எல்லா நன்கொடைகளையும் தரவுத்தளத்திலிருந்து பெற்று, பக்கத்தின் வடிவத்தைத் தாங்கும் கோப்பான வார்ப்புருவுக்கு அனுப்பும் வியூவை எழுதி, வார்ப்புருவில் ஃபார் சுழற்சியால் பட்டியலிடுங்கள். நான்காம் படி தெளிவாக இருந்தால் இதற்கு ஒரு மணி நேரம் போதும்.

பொதுமக்கள் நன்கொடையை உள்ளிடும் படிவத்தை அடுத்து நீங்களே அமைத்துப் பாருங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் 403 என்ற மறுப்பு வந்தால், படிவம் நம் தளத்திலிருந்தே வந்தது என்பதை உறுதிசெய்யும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் அதனுள் இல்லை என்று பொருள். ஃபார்ம் குறிச்சொல்லுக்கு அடுத்த வரியில் அதைச் சேர்த்து, பக்கத்தை மீண்டும் திறந்து அனுப்புங்கள்.