எலெக்ட்ரிக் கார்: ஓட்டம் இல்லாதவருக்கு லாபமும் இல்லை, பசுமையும் இல்லை

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகளுக்கு வண்டி விடுவது என் தொழில். டீசல், சிஎன்ஜி எல்லாம் பார்த்துவிட்டு இப்போது பாதிக்கு மேல் எலெக்ட்ரிக்தான் ஓடுகிறது. அதனால் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய ஆபீஸ் நண்பர் என்று யார் எலெக்ட்ரிக் கார் வாங்கினாலும் எனக்கு போன் வந்துவிடும். வாங்குவதற்கு முன்பு வந்தால் பரவாயில்லை, அட்வான்ஸ் கட்டிய பிறகு வருகிறது. முதல் வண்டியில் நான் கோட்டைவிட்ட அதே இடங்களில்தான் எல்லோரும் விடுகிறார்கள். டெஸ்ட் டிரைவ் எடுங்கள், நாலு ஷோரூம் ஏறி இறங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிட்டு அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்காக பேட்டரி வாங்குவது

இதைப் பார்க்கும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. குரோம்பேட்டையில் ஒரு வங்கி அதிகாரி இருக்கிறார், நெல்லைக்காரர். வேலைக்குப் போய்வர இருபது கிலோமீட்டர்கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கத்தில் மாமியார் வீடு, எல்லாம் சேர்த்தாலும் மாதம் 600 கி.மீ. தாண்டாது. இவருக்கு 25 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி உள்ள சின்ன வண்டி தாராளம். வாங்கியதோ 79 யூனிட் பேட்டரி வண்டி, பல லட்சம் கூடுதல். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "அண்ணாச்சி, பொங்கலுக்கு ஊருக்குப் போணும்லா?"

சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். எவ்வளவு பெரிய பேட்டரி போட்டாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஏசியோடு போனால் வழியில் ஒரு இடத்திலாவது சார்ஜ் போட்டே ஆக வேண்டும். பொங்கல் சமயம் திருச்சி ரோட்டில் சார்ஜர் முன்னால் வரிசை எப்படி நிற்கும் என்று யாரோ வாட்ஸப்பில் படம் அனுப்ப, மனுஷன் பயந்துபோய் குடும்பத்தோடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். கார் ஷெட்டில் கிடந்தது. இஎம்ஐ மட்டும் ஓடியது.

சரி, கணக்குக்கு வருவோம். ஊருக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கி.மீ. கொடுக்கிறது என்று வையுங்கள். லிட்டர் 100 ரூபாயை ஒட்டி இருக்கிறது, ஆக கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய்க்கு மேல். எலெக்ட்ரிக் வண்டி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. போகும். வீட்டில் யூனிட் 8 ரூபாய் விழுந்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. ஆறு ரூபாய் மிச்சம். அதே அளவு பெட்ரோல் காரைவிட நாலு லட்சம் அதிகம் கொடுத்திருந்தால், அந்த நாலு லட்சத்தை எடுக்க 65,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மாதம் 600 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது ஒன்பது வருடம், கடன் வட்டியைச் சேர்க்காமலே. பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருடம்தான். என்னிடம் இருக்கிற வண்டிகள் மாதம் 4,000 கி.மீ. ஓடுகின்றன, அதனால் ஒன்றரை வருடத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். அதே வண்டி, அதே விலை, வித்தியாசம் ஓட்டத்தில் மட்டும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. எலெக்ட்ரிக்குக்கு முன்பிருந்தே 5 சதவீதம், அதில் மாற்றம் இல்லை. அதாவது விலை இடைவெளி கூடியிருக்கிறது. அதற்கு முன்னால் எடுத்த யூடியூப் வீடியோவில் போட்டுக் காட்டிய கணக்கை வைத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

"பணம் போனால் போகட்டும், சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே" என்றார் அந்த வங்கி அதிகாரி. அதுவும் இதே கணக்குதான். பேட்டரி செய்யும்போதே கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஏறத்தாழ 60 முதல் 100 கிலோ வரை சொல்கிறார்கள். நடுவில் 75 என்று வைத்தால் 79 யூனிட் பேட்டரிக்கு ஆறு டன், 25 யூனிட் பேட்டரிக்கு இரண்டு டன்னுக்குள். வண்டி சாவியை வாங்கும்போதே இந்தக் கடன் உங்கள் தலையில். அடைப்பது எப்படி? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கொண்டுவருவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 200 கிராம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு சராசரி 0.7 கிலோ வருகிறது, கம்பியில் இழப்பதையும் சேர்த்து கிலோமீட்டருக்கு 130 கிராம். எழுபது கிராம்தான் மிச்சம். ஆறு டன்னை எழுபது கிராமால் அடைக்க 85,000 கி.மீ. ஓட வேண்டும், அவருடைய ஓட்டத்தில் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம். சின்ன பேட்டரி என்றால் நாலு வருடத்துக்குள் முடிந்திருக்கும். மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு குறையக் குறைய இந்தக் காலம் சுருங்கும், ஆனால் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு அதிலும் பெரிய பலன் இல்லை.

புக் செய்வதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இப்போது இருக்கிற வண்டியின் கடைசி இரண்டு சர்வீஸ் பில்லை எடுங்கள். இரண்டிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். கழித்துப் பார்த்தால் மாத ஓட்டம் தெரிந்துவிடும். எல்லோரும் வாயால் சொல்வது ஒன்று, பில் சொல்வது வேறு. மாதம் 1,500 கி.மீ. தாண்டுகிறது, வீட்டிலோ ஆபீசிலோ சார்ஜ் போட வழி இருக்கிறது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். 700, 800 என்றால் இருக்கிற பெட்ரோல் காரையே இன்னும் சில வருடம் ஓட்டுங்கள், பாக்கெட்டுக்கும் நல்லது, காற்றுக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஊருக்குப் போக ரயில் இருக்கிறது.

ஈபி மீட்டரை மறப்பது

யூனிட் 8 ரூபாய் என்று மேலே சொன்னேன், அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் 250 யூனிட், இரண்டு மாதத்துக்கு 500. வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடி 500 யூனிட் வருகிறது என்றால் காருக்கு ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட்டும் மேல் அடுக்குகளில்தான் விழும், 1,000 யூனிட்டை நெருங்கும்போது யூனிட் 10 ரூபாயைத் தாண்டும். மே மாத பில் வந்ததும் போன் செய்து "வண்டி ரொம்ப இழுக்குது" என்பார்கள். வண்டி இழுக்கவில்லை, அடுக்குதான் இழுக்கிறது. சொந்த வீடும் மொட்டை மாடியும் இருக்கிறவர்கள் சோலாரையும் சேர்த்து யோசியுங்கள். மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு.

அசோசியேஷனைக் கேட்காமல் புக் செய்வது

அடுக்குமாடியில் இருந்தால், சார்ஜர் வைக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு புக் செய்யுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

பிரசுரத்தில் போட்டிருக்கும் ரேஞ்சை நம்புவது

ஒரு முறை சார்ஜ் போட்டால் இவ்வளவு தூரம் என்று போட்டிருப்பதில் ரோட்டில் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவுதான்.

"எல்லாம் நிலக்கரி மின்சாரம்தானே" என்று முடித்துவிடுவது

பச்சை நம்பர் பிளேட் மாட்டியதும் உலகத்தைக் காப்பாற்றிவிட்டதாகப் பேசுகிறவர் ஒரு பக்கம், இப்படிப் பேசுகிறவர் இன்னொரு பக்கம். இரண்டுமே சோம்பேறித்தனம். எப்போது சார்ஜ் போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பகல் பதினோரு மணிக்கு ஆபீசில் போட்டால் தமிழ்நாட்டு மின்கட்டத்தில் சூரிய மின்சாரம் நிறைய கலந்திருக்கும். மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகள் இரவிலும் சுற்றும். மார்கழி இரவில் போட்டால் பெரும்பாலும் நெய்வேலி, வடசென்னை, தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள்தான். எங்கள் டிரைவர்களை முடிந்தவரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போடச் சொல்லியிருக்கிறேன், அப்போதுதான் வண்டிக்கும் ஓட்டம் இருக்காது.

சில வகை பேட்டரிகளில் சேர்க்கிற, காங்கோவில் சுரங்கத்தில் குழந்தைகள் தோண்டும் கோபால்ட் பற்றியும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊரில் விற்கும் பல எலெக்ட்ரிக் கார்களில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, அதில் கோபால்ட்டே கிடையாது. ஷோரூமில் எந்த பேட்டரி என்று கேளுங்கள். விற்பனையாளருக்கு பதில் தெரியவில்லை என்றால் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எலெக்ட்ரிக் வண்டிக் கடன் வட்டிக்கு 80இஇபி வருமான வரிவிலக்கு இருக்கிறது என்று நினைப்பது

இல்லை. 2023 மார்ச் 31க்குள் கடன் அனுமதி வாங்கியவர்களோடு முடிந்தது.

12 வோல்ட் பேட்டரியை மறப்பது

பெரிய பேட்டரி முழுக்க சார்ஜ் இருந்தாலும், வண்டியின் எலெக்ட்ரானிக்ஸை எழுப்புகிற சின்ன பேட்டரி செத்துவிட்டால் வண்டி நகராது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

பழைய வண்டியைப் பார்க்காமலே ஒதுக்குவது

ஓட்டம் குறைவு, ஆனாலும் எலெக்ட்ரிக்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு மூன்று வருடம் ஓடிய சின்ன பேட்டரி வண்டியை. முதல் சில வருடங்களிலேயே விலை நன்றாக இறங்கிவிடுகிறது, அந்த நஷ்டத்தை முதல் ஆள் ஏற்றுக்கொண்டுவிட்டார். பேட்டரி செய்யும்போது வந்த கரியமில வாயுக் கடனும் அவர் காலத்திலேயே கொஞ்சம் அடைபட்டிருக்கும். ஓடோமீட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள், தர மறுக்கிற ஆளிடம் பேரம் பேசாதீர்கள். அப்புறம், வாரண்டி பேப்பரைப் படியுங்கள். ஆயுள் முழுக்க வாரண்டி என்று விற்கிற சில வண்டிகளில் அது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான், பெயர் மாற்றினால் வருடக் கணக்குக்கு வந்துவிடும்.