பழைய ஷேவிங் பிரஷில் முதல் சவரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றினால், எனாமல் தூக்குகளுக்கு நடுவே ஒரு ஷேவிங் பிரஷாவது கண்ணில் படும். பிடி அழகாக இருக்கிறதே என்று வாங்கி, அன்றைக்கே முகத்தில் வைத்துவிடாதீர்கள்.

முதலில் வயதைப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்திகரிக்காத குதிரை முடியில் செய்த பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் வந்தது, இறந்தவர்களும் உண்டு. 1920இல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதையே பிரிட்டன் தடை செய்தது. அந்தக் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வீட்டில் வெந்நீரில் போட்டு எடுத்தால் செத்துவிடும் என்று நம்ப முடியாது. குதிரை முடியையே, பேட்ஜர் என்ற விலங்கின் முடி மாதிரி ஆக்கி விற்றதும் உண்டு என்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்யவும் வழியில்லை. 1930க்கு முந்தையது என்றாலோ, வயதே தெரியாது என்றாலோ, அது கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும். முடியை வெட்டுவது, பிடியைக் குடைவது எதுவும் வேண்டாம்.

நான் பயன்படுத்துவது அப்பச்சியின், அதாவது அப்பாவின், பிரஷ். 1970களில் வாங்கியது, பன்றி முடி, சிவப்புப் பிளாஸ்டிக் பிடி. எங்கிருந்து வந்தது என்று தெரிந்த, இந்த மாதிரி பிரஷில் தொடங்குங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, உள்ளங்கையில் சுழற்றிக் கழுவுங்கள். அடிமுடியில் வெள்ளையாகச் சோப்பு படிந்திருந்தால், ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிடம் முடியை மட்டும் ஊறவைத்து அலசலாம். பிறகு முடியை லேசாக இழுத்துப் பாருங்கள். நாலைந்து உதிர்ந்தால் பரவாயில்லை. கொத்தாகக் கையோடு வந்தால், முடியைப் பிடியில் ஒட்டிய பசை விட்டுப்போச்சு என்று அர்த்தம்.

சவரத்துக்கு முன்னால் பன்றி முடியை ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பேட்ஜர் முடிக்கு ஒரு நிமிடம் போதும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். பிடியை முக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே இறங்கிப் பசையைக் கெடுத்துவிடும்.

எனக்கு நுரையைக் கெடுத்தது தண்ணீர்தான். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகிவிடும், நுரை எழும்பாது. மூன்று நாள் கிரீமை வீணாக்கிய பிறகு, வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், மழைக்கு வைத்திருந்த அண்டாத் தண்ணீரை ஒரு செம்பு எடுத்தேன். அன்றைக்குத்தான் இந்தப் பிரஷின் அருமை தெரிந்தது. மழைத் தண்ணீர் இல்லையென்றால் கேன் தண்ணீர் போதும்.

ஒரு கிண்ணத்தில் பாதாம் பருப்பளவு கிரீம் வைத்து, உதறிய பிரஷால் சுழற்றுங்கள். ஆரம்பத்தில் பெரிய பெரிய குமிழியாக வரும், சளசளவென்று சத்தம் கேட்கும். நிறுத்த வேண்டாம். சத்தம் அடங்க அடங்கக் குமிழி சிறுத்து, கிரைண்டரில் பொங்கி வரும் உளுந்து மாவு மாதிரி ஆகும். வறண்டு இழுத்தால் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் நீர்த்துவிடும். பிரஷைத் தூக்கும்போது நுரை வழியாமல் நுனியில் கூம்பாக நின்றால் சரி.

முகத்தை வெந்நீரில் நனைத்து, முடியின் நுனி மட்டும் படும்படி வட்டமாகத் தேயுங்கள். அழுத்தினால் முடி நடுவில் ஒடியும். இரண்டு நிமிடம் தேய்த்தால் தாடி இளகிவிடும். அப்புறம் உங்களுக்குப் பழகிய ரேசரிலேயே, முடி வளரும் திசையில் மழியுங்கள். கடைசியில் குளிர்ந்த தண்ணீர், படிகாரம்.

முடிந்ததும் பிரஷை அலசி, பிழிந்து, உதறிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். அப்பச்சி பிடியில் கயிறு கட்டி, முடி கீழே பார்க்கக் கிணற்றடிச் சுவரில் மாட்டியிருப்பார். அந்த ஆணி இன்னும் அங்கேயே இருக்கிறது. நானும் அதில்தான் மாட்டுகிறேன்.