சிங்க் அடைப்பும் சாக்கடை வாடையும்: எதையும் ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

சமையலறை சிங்க்கில் தண்ணீர் தேங்கினால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றுகிறோம். அதற்கும் அசையாவிட்டால் அடைப்பு நீக்கும் பொடியைக் கொட்டுகிறோம். வாடை வந்தாலோ ஃபினாயிலைத் தேடுகிறோம். அடைப்பும் வாடையும் ஒரே இடத்தில் தலைகாட்டுவதால் இரண்டையும் ஒரே கோளாறு என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மளமளவென்று தண்ணீர் இறங்கும் சிங்க்கிலிருந்து சாக்கடை வாடை வீசலாம். சுத்தமாக அடைத்துக்கொண்ட சிங்க்கில் வாடையே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே மேடைக்கு அடியில் இருக்கும் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் டப்பாக்களையும் பாத்திரங்களையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, டார்ச் விளக்குடன் குனிந்து பார்ப்பதுதான் முதல் வேலை.

சிங்க்கின் அடியில், சல்லடை பொருத்திய வேஸ்ட் கப்ளிங் தெரியும். அதற்குக் கீழே இரண்டில் ஒன்று இருக்கும். குடுவை போன்ற பாட்டில் ட்ராப்போ வளைந்த ட்ராப்போ மாட்டப்பட்டிருக்கலாம். அல்லது மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்று நேராக இறங்கி, தரையிலோ சுவரிலோ பதித்த இரண்டு அங்குலக் குழாய்க்குள் செருகப்பட்டிருக்கலாம். நம் ஊர் வீடுகளில் இரண்டாவது வகையே அதிகம். பாதித் தொல்லைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

ட்ராப் என்பது வேறொன்றுமில்லை, கொஞ்சம் தண்ணீரை எப்போதும் தேக்கி வைத்துக்கொள்ளும் ஒரு வளைவு. ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், அதாவது மூன்று விரற்கடை ஆழத்துக்கு நிற்கும் அந்தத் தண்ணீர்தான் சாக்கடையிலிருந்து மேலேறும் காற்றை வீட்டுக்குள் விடாமல் மறிக்கிறது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி 1775-இல் லண்டனில் கழிப்பறைக் குழாயை வளைத்துக் காப்புரிமை பெற்ற அதே உத்திதான் இன்றும் சிங்க்கின் அடியில் வேலை செய்கிறது. கரப்பானும் அந்தக் காற்றோடு வரும் வழிப்போக்கனே. இரவில் சிங்க்கைச் சுற்றிக் கரப்பான் நடமாட்டம் கூடினால், காற்றை மறிக்கும் இந்தத் தண்ணீர்த் தடுப்பு எங்கோ அறுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வாடை எங்கிருந்து வருகிறது?

முதலில் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, சமையலறையைவிட்டு வெளியே கொண்டுபோய் முகர்ந்து பார்க்க வேண்டும். சில ஆழ்துளைக் கிணறுகளின் நீரிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்திருப்பதால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அப்படியிருந்தால் சிங்க்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும்தான் கவனிக்க வேண்டும். தண்ணீர் சுத்தமென்றால் வாடையின் குணத்தைக் கவனியுங்கள். புளித்த மாவும் பழைய சோறும் கலந்தது போன்ற வாடை என்றால், அது பெரும்பாலும் கப்ளிங்கிலும் குழாயின் மேற்பகுதியிலும் படிந்த வழுவழுப்பான பாசிப்படலத்திலிருந்து வருவது. அழுகிய முட்டை வாடை என்றால், சாக்கடைக் காற்று நேரடியாக உள்ளே வருகிறது என்று பொருள்.

உறுதி செய்துகொள்ள இரவில் ஒரு சோதனை செய்யலாம். பாத்திரம் துலக்கி முடித்தபின் சிங்க்கை ஈரமின்றித் துடைத்து, அதன் வாயையும், பக்கச் சுவரில், சிங்க் நிரம்பி வழியாமல் தண்ணீரை வெளியேற்றும் ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தால் அதையும், பாலிதீன் தாளும் டேப்பும் கொண்டு காற்றுப் புகாமல் மூடிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் மூடியிருக்கும்போதே சமையலறை நாறினால் வாடை சிங்க் வழியே வரவில்லை. அடியில் குழாய் சேரும் இடத்திலிருந்தோ, தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பிலிருந்தோ வருகிறது. தாளைப் பிரித்தவுடன் குப்பென்று அடித்தால் சிங்க்கின் வாயும் ட்ராப்பும்தான் காரணம்.

நான் இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்டது மூன்று மாதத் தொல்லைக்குப் பிறகு. வாடகைக்குப் போன இரண்டாம் மாடி வீட்டில் ஃபினாயில், எலுமிச்சைத் தோல், சமையல் சோடா என்று எல்லாவற்றையும் ஊற்றித் தீர்த்தபின் ஒருநாள் தரையோடு தலைவைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குல ஹோஸ் இரண்டு அங்குலக் குழாய்க்குள் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த இடைவெளியில் யாரோ சிமென்ட் சாக்கின் துண்டைத் திணித்திருந்தார்கள், அதுவும் நைந்து பாதி உள்ளே போயிருந்தது. ஊற்றியதெல்லாம் ஹோஸின் உள்ளே போக, வாடை அதன் வெளிப்புறமாகவே ஏறிவந்துகொண்டிருந்தது.

இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே ரப்பர் வளையங்கள் வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. ஹோஸின் வெளி விட்டத்தையும் பதித்த குழாயின் உள் விட்டத்தையும் அளந்துகொண்டு போனால் சரியானதைத் தருவார்கள். எம்-சீல் எனும் இறுகும் பசையைப் பூசி நிரந்தரமாக அடைப்பவர்களும் உண்டு. அடுத்த முறை ஹோஸைக் கழற்ற வேண்டிவரும்போது உளியும் சுத்தியும் தேட வேண்டியிருக்குமாதலால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ட்ராப்பே இல்லாத வீட்டில் பாட்டில் ட்ராப் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது நல்லது. ஹோஸையே வளைத்து, வளைவு நிமிராதபடி கட்டிவிடுவதும் தற்காலிகமாக உதவும். ஆனால் அதன் மடிப்புகளில் பிசுக்கு விரைவாகச் சேரும். இதில் ஒரு விலக்கு உண்டு. தனி வீடுகளில் சிங்க்கின் கழிவு சுவருக்கு வெளியே தரையில் பதித்த கல்லி ட்ராப் எனும் தொட்டியில் போய் விழுந்தால், அங்கேயே தண்ணீர்த் தடுப்பு இருக்கிறது. உள்ளே இன்னொன்றை மாட்டினால் இரண்டுக்கும் நடுவே காற்று சிக்கி, தண்ணீர் மந்தமாக இறங்கும். அத்தகைய வீட்டில் கல்லி ட்ராப்பைத் தூர்வாருவதும் ஹோஸைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பதுமே போதும்.

ட்ராப் இருந்தும் வாடை வந்தால், அதில் தண்ணீர் நிற்கவில்லை என்று பொருள். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடிப்பது இதனால்தான். எல்லா வடிகால்களிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் தீர்ந்துவிடும். புறப்படும்போதே தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயை விட்டுவிட்டுப் போனால், மேலே மிதக்கும் எண்ணெய் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். ஆட்கள் புழங்கும் வீட்டிலேயே, மேல் மாடியில் வாளியைக் கவிழ்க்கும்போது உங்கள் சிங்க்கில் களுக் களுக்கென்று சத்தம் கேட்கிறதென்றால் கதை வேறு. கீழிறங்கும் தண்ணீர் காற்றை இழுக்கிறது. காற்றுப் போக்குக் குழாய் இல்லாததாலோ, மொட்டை மாடியில் அதன் வாய் கூடுகளாலும் சருகுகளாலும் அடைபட்டதாலோ, அந்த இழுப்பு உங்கள் ட்ராப்பின் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. மாடியில் தலைநீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயை, பார்க்க நன்றாக இல்லையென்று மூடி போட்டு அடைத்த அடுக்ககங்களும் உண்டு. அந்த வாயைத் திறந்துவிடுங்கள். சிங்க்கில் எதை ஊற்றினாலும் இதற்கு மருந்தில்லை.

அடைப்பை எடுப்பது

குளியலறையிலும் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மந்தமானால் அடைப்பு வெளியில், கழிவுக் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட சேம்பரில் அல்லது பொதுக் குழாயில் இருக்கிறது. சிங்க் மட்டும் என்றால் நம் கைக்கு எட்டும் தூரம்தான்.

பிளஞ்சர் எனும் ரப்பர் குவளை இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். ரப்பர் விளிம்பு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். ஓவர்ஃப்ளோ ஓட்டையையும், இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் மறு தொட்டியின் வாயையும், நனைந்த துணியால் இறுக்கி அடைக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் காற்றை அந்த ஓட்டை வழியே தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, பிளஞ்சர் வேலை செய்யவில்லை என்பார்கள். பதினைந்து இருபது முறை, விளிம்பைத் தூக்காமல், அழுத்துவதும் இழுப்பதுமாகச் செய்து சட்டென்று எடுத்தால், சிறு அடைப்புகள் கலைந்துவிடும்.

அசையாவிட்டால் ட்ராப்பைத் திறக்க வேண்டியதுதான். அடியில் வாளியை வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, குடுவையின் அடிப்பாகத்தை இடப்பக்கமாகத் திருகுங்கள். முதலில் கருத்த தண்ணீர் கொட்டும். பிறகு, குடுவையைக் கவிழ்த்தால் அதன் வடிவத்திலேயே சாம்பல் நிறக் களி ஒன்று சளக்கென்று விழும். குச்சியால் கிளறிப் பார்த்தால் அந்த வீட்டின் சமையல் முழுதும் அதில் தெரியும்: கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூள், தேங்காய் நார், மாவாட்டிய பாத்திரம் கழுவியதில் வந்த உளுந்துப் பிசின், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் எண்ணெய்க் கசடு. எங்கள் வீட்டில் ஒருமுறை, காணாமல்போன உப்புக் கரண்டியும் கிடைத்தது.

குடுவையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, உள்ளே இறங்கும் குழாயையும் துடைத்து, வாஷரை விரலால் தடவிப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது வாஷரின் சரிந்த பக்கம் இணைப்பை நோக்கியிருக்க வேண்டும். கையால் இறுக்கினாலே போதும். ரெஞ்ச் போட்டால் பிளாஸ்டிக் மறை கீறிவிடும். வாஷர் இருக்கும் இடத்தில் டெஃப்ளான் டேப் சுற்றத் தேவையில்லை, சுற்றினால் சில வேளை வாஷர் சரியாக உட்காராமல் கசியும். பிறகு அடியில் செய்தித்தாளை விரித்து, சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டால், எங்காவது சொட்டினால் தாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் அடைப்பு பதித்த குழாய்க்குள் இருக்கிறது. ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே செலுத்த வேண்டும்; முட்டும் இடத்தில் குத்தாமல், சுழற்றி மாட்டி இழுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் அடைத்தால் குழாயின் சரிவைச் சந்தேகியுங்கள். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது தாழ்ந்து போகாத குழாயில் கசடு படுத்துக்கொள்ளும்.

பொடியும் அமிலமும் கொதிநீரும்

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டும் சேர்ந்தால் நுரை பொங்கும். பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது ஏறக்குறைய வீரியமற்ற உப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவை சோடா மேலானது. கால் கப் சோடாவை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஊற்றி, அரைமணி நேரம் கழித்து நிறையத் தண்ணீர் விட்டால், புளித்த வாடைக்குக் காரணமான படலம் இளகும். இருந்தாலும் கப்ளிங்கின் நடு ஸ்க்ரூவைக் கழற்றிச் சல்லடையின் அடிப்பக்கத்தைத் தேய்ப்பதற்கு ஈடாக ஒன்றுமில்லை. வெந்நீர் 60 டிகிரி செல்சியசுக்குள் இருக்கட்டும். சோறு வடித்த கஞ்சியை உலை கொதிக்கும் சூட்டில் அப்படியே சிங்க்கில் ஊற்றினால் பி.வி.சி. குழாயும் ஹோஸும் இளகி வளையும், இணைப்புகள் நெகிழும். கஞ்சியின் பசையும் ஆறியபின் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும்.

காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கிகள் வேலை செய்யும் என்பது உண்மைதான். தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடேறும் பொருள் அது. கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். முழுதும் அடைத்து நிற்கும் தண்ணீரில் அதைக் கொட்டினால், அடைப்பும் போகாமல், சிங்க் நிறையக் காரநீர் மட்டும் நிற்கும். அதன்மேல் பிளஞ்சரைப் போடவும் கூடாது, ட்ராப்பைத் திறக்கவும் கூடாது. பிளம்பரைக் கூப்பிட்டால் என்ன ஊற்றியிருக்கிறோம் என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும். காஸ்டிக் சோடாவுடன் அமிலம் சேர்ந்தால் சூட்டில் பொங்கித் தெறிக்கும். பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை அமிலம் சேர்ந்தால் வெளிப்படுவது குளோரின் வாயு, மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். மார்கழிக் காலையில் குளியலறை அலமாரிப் புட்டியில் வெண்ணெய் போல அது நிற்பதைப் பார்த்திருப்போம். அதுவேதான் குழாய்க்குள்ளும் நடக்கிறது. நெய்யும் வனஸ்பதியும் அவ்வாறே. ஆகையால் வாணலியைச் சிங்க்கில் போடுமுன் பழைய செய்தித்தாளால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். அரிசி கழுவிய நீரும் கஞ்சியும் ஒரு காலத்தில் மாட்டுக்கென்று கழுநீர்ப் பானைக்குப் போயின. மாடில்லாத வீட்டில் கழுநீரை ஆறவைத்துச் செடிக்கு ஊற்றலாம்.

வெளியே சேம்பர் நிரம்பி வழிந்தால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. மழைக்காலத்தில் தரைத்தள சிங்க்கில் அழுக்கு நீர் தானாக மேலேறினால், உடனே தண்ணீர் புழங்குவதை நிறுத்திவிட்டு, சென்னை என்றால் குடிநீர் வாரியத்திடமும் பிற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்திடமும் புகார் செய்ய வேண்டும். மொட்டை மாடி மழைநீரைச் சாக்கடைக் குழாயில் இணைத்த வீடுகள் தெருவில் இருந்தால் இது ஆண்டுதோறும் நடக்கும். சேம்பர் மூடியைத் திறந்து மேலிருந்தபடியே மூங்கில் பிளாச்சால் குத்திவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்தால் முதலில் மோப்ப உணர்வைத்தான் அழிக்கும். வாடை இல்லையே என்று உள்ளே இறங்கியவர்கள் திரும்பவில்லை. பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஒருவரை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது கையால் கழிவகற்றும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூலி கொடுத்தாலும், அவரே முன்வந்தாலும் குற்றமே. உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும்.