மனித உருவம் வரையும்போது சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் உயர்நிலை இரண்டு படிக்கும் பெண் ஒருத்தி, சனிக்கிழமைகளில் என்னிடம் வரையக் கற்றுக்கொள்கிறாள். முதல் நாள் அவள் கொண்டுவந்த படத்தில் கண்ணிமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கழுத்துக்குக் கீழே ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி ஓர் உடம்பு. கைகள் இரண்டும் பாக்கெட்டுக்குள்.

"கையை ஏம்மா ஒளிச்சு வச்சே?"

"கை வராது அங்கிள்."

முகத்தில் தொடங்கியதுதான் அவள் செய்த தவறு. ஒரு மணி நேரம் கண்ணுக்கே போய்விட்டால், மீதி உடம்பு அந்த முகத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆகும். முதலில் உச்சந்தலைக்கு ஒரு கோடு, பாதத்துக்கு ஒரு கோடு. நடுவில் முதுகு எப்படி வளைகிறது என்று ஒரே இழுப்பு. ஒரு நிமிடத்தில் முழு ஆளும் தாளில் வந்துவிட வேண்டும். இமை முடி காத்திருக்கும்.

அப்புறம் அளவு. வளர்ந்த ஒருவரின் உயரம் சுமார் ஏழரைத் தலை, அதாவது அவர் தலை உயரத்தைப் போல ஏழரை மடங்கு. ஒரு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய நான்குதான். அதனால்தான் பெரியவரின் தலையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டாலும் பிள்ளை போல ஆகிவிடுகிறார். கண் இருப்பது தலை உயரத்தின் பாதியில். மண்டை ஓட்டை மறந்துவிடுவதால் எல்லாரும் அதை மேலே ஏற்றிவிடுகிறோம். கையை விரித்து மோவாயில் வைத்துப் பாருங்கள், விரல் நுனி நெற்றிக்குப் போகும். அவள் வரைந்த கைகளோ மூக்கை மூடவே போதாது. நம் சிற்பிகளான ஸ்தபதிகளின் 'தசதாலம்', அதாவது பத்துத் தாலம், என்ற அளவைப் படித்துவிட்டுப் பத்துத் தலை போட்டவர்களும் உண்டு. தாலம் என்பது முகத்தின் நீளம், முழுத் தலையின் உயரம் அல்ல.

ஆனால் அளவெல்லாம் சரியாக இருந்தும் ஆள் மரக்கட்டையாக நிற்பதுதான் பெரிய தொல்லை. தேக்கா சந்தையில் தே தாரிக்கு, அதாவது ஆற்றிய தேநீருக்கு, காத்திருப்பவரைக் கவனியுங்கள். இரண்டு காலிலும் சமமாக நிற்கவே மாட்டார். பாரம் தாங்கும் காலின் பக்கம் இடுப்பு ஏறும். அதே பக்கத் தோள் பெரும்பாலும் இறங்கும். தொண்டைக்குழியிலிருந்து நேர்கோடு விட்டால் பாரம் தாங்கும் பாதத்தின் அருகே விழும். இதை அவளுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இருக்கும் சோழர் காலத்து வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். திரிபங்கம் என்ற நிற்கும் நிலையில் தலை, உடல், கால் மூன்றும் மாறி மாறி வளைவதை அவள் தன் இடுப்பைச் சாய்த்து நின்று பார்த்தாள். காவலர் சிரித்துவிட்டார்.

எம்ஆர்டி ரயிலில் வரைவது நல்ல பயிற்சி, ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்லாரும் போனைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். குனிந்த தலையில் உச்சி பெரிதாகத் தெரியும், கழுத்து மறையும், காதுகள் கண்ணைவிட மேலே போய்விடும். மனசுக்குள் இருக்கும் நேர்முகத்தையே அங்கேயும் போட்டால் கழுத்து ஒடிந்த ஆள்தான் கிடைப்பார்.

பென்சிலை நீட்டி அளக்கும்போது முழங்கையை மடக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அளவு மாறும். போனில் கிட்டே போய் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் முன்னால் இருப்பது ஊதித் தெரியும். அழிரப்பரை அவளிடமிருந்து இரண்டு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டேன். தவறான கோடு அப்படியே இருந்தால்தான் சரியான கோட்டை எங்கே போடுவது என்று தெரியும்.

ஒவ்வொரு படத்திலும் தேதி எழுதச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவருக்கு மண்டையே இல்லையே அங்கிள்" என்று அவளே சிரித்தாள். கைகள் பாக்கெட்டை விட்டு வெளியே வந்துவிட்டன. பாதம்தான் இன்னும் வரவில்லை. கேட்டால், தாளில் இடமில்லை என்கிறாள்.